57-ஆம் பேருந்தும் பத்துக் கையெழுத்தும்

"ஏழாவது கையெழுத்து செல்லாதுங்க" என்றாள் தேர்தல் அலுவலர் பிரையோனி டென்ட்.

மாக்ஸின் ஆப்பிள்யார்ட் மேசைமேல் குனிந்து பார்த்தார். ஏழாவது வரியில் வால்ட்டர் ஸ்கேஃபின் பெயர், பட்டியல் எண், கீழே அவருடைய நீளமான கையெழுத்து. எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"ஏன் செல்லாது? என் கண்ணு முன்னாடி போட்டாரு. பேனாகூட என்னுதுதான்."

"இன்னொரு வேட்பாளரோட மனுவுலயும் போட்டிருக்காரு. அது புதன்கிழமையே வந்து சேந்துடுச்சு. ஒரு வாக்காளர் ஒருத்தரைத்தான் முன்மொழியலாம். எது மொதல்ல வந்துச்சோ அதுதான் செல்லும்."

"வால்ட்டரா? யாருக்குப் போட்டாரு?"

பிரையோனி திரையைப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று பயிற்சி பெற்ற முகம் அவளுக்கு.

"சிங்கி இறாலுக்கு."

ஸ்கெல்டர்பி நகர மன்றத்தின் இரண்டாவது மாடி. வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு பத்து. தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்ட வேட்புமனுவைக் கொடுக்க மாலை நான்கு மணிவரைதான் நேரம். நான்கு அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் வாங்கமாட்டார்கள் என்று கதவிலேயே ஒட்டியிருந்தார்கள்.

"ஒண்ணை அடிச்சிட்டு வேற ஆளைப் போட்டா?" என்று கேட்டாள் கெர்ரி. மாக்ஸினின் மூத்த மகள், அம்மாவுக்குத் தேர்தல் முகவர். எதிர்த்தெரு முடிதிருத்தகத்திலிருந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தாள்.

"அடிக்கக்கூடாதுங்க. புதுப் படிவம், பத்துப் பேரும் புதுசாப் போடணும். இன்னும் நீங்க முறைப்படி ஒப்படைக்கலை, நான் சும்மா சரிபார்த்துக் குடுத்தேன், அவ்வளவுதான். அதனால நேரம் இருக்கு."

"பத்துப் பேரும் ஆறு ஊர்ல இருக்காங்க" என்றார் மாக்ஸின்.

மாக்ஸினுக்கு வயது ஐம்பத்தெட்டு. அப்பா துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கினார். பதினாறு வயதில் மாக்ஸினும் உறைமீன் தொழிற்சாலைக்குப் போனார். முப்பத்திரண்டில் கணவன் வேறொருத்தியோடு போய்விட, இரண்டு பெண்களோடு நின்றார். அந்த வாரம் பேருந்து நிறுவனம் ஆள் எடுத்தது. முதல் சோதனையில் நடைபாதை விளிம்பில் சக்கரத்தை ஏற்றினார். "அம்மா, தையல் கிளாஸ் அடுத்த தெருவுல" என்றார் சோதனையாளர். ஆறு வாரம் கழித்து அதே சோதனையாளரை உட்காரவைத்து, அதே திருப்பத்தை ஒரு பிசகும் இல்லாமல் முடித்தார். இறங்கும்போது, "தையல் முடிஞ்சுது, சார்" என்றாராம்.

இருபத்தாறு வருடம். அதில் பத்தொன்பது வருடம் 57-ஆம் எண் பேருந்து. நகரத்திலிருந்து கடலோரமாக ஆறு ஊர்களைச் சுற்றிவரும் தடம். யாருக்கு எந்த நாளில் மருத்துவமனை, யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தால் முழங்கால் மடங்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முன்பு மணிக்கு ஒன்று ஓடியது. அக்டோபரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.

தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜூலியன் ஃபெர்ன்பி, பேருந்தைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று மூன்று முறை எழுதிக்கொடுத்தவர். அவர் ஒரு நிறுவனத்திடம் ரகசியமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்காக அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதியது வெளியே வந்தது. நாடாளுமன்றம் அவரை இருபது அமர்வு நாட்களுக்கு இடைநீக்கம் செய்தது. அப்படிச் செய்தால் தொகுதியில் ஒரு மனு திறப்பார்கள். ஆறு வாரத்துக்குள் பத்தில் ஒரு பங்கு வாக்காளர்கள் போய்க் கையெழுத்திட்டால் பதவி காலி. ஏழாயிரம் போதும் என்றிருந்த இடத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல் விழுந்தது. இடைத்தேர்தல் வந்தது.

பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் மெதடிஸ்ட் மண்டபத்துக்கு வந்து மேடையில் உட்கார்ந்தார்கள். "57-ஐப் பத்தி என்ன செய்வீங்க?" என்று யாரோ கேட்டார்கள். "அந்த நெடுஞ்சாலையை அகலப்படுத்துவோம்" என்றார் ஒருவர். 57-ஐச் சாலை எண் என்று நினைத்துவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மாக்ஸின், நீயே நில்லேன். எப்படியும் நாங்க உன் பின்னாடிதான் உக்காந்திருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாக்ஸின் சிரிக்கவில்லை. மறுநாள் இதே மாடிக்கு வந்து படிவம் வாங்கினார். வேலை செய்யும் இடத்தில் விடுப்பு கேட்டார். கடைசி நாளான வெள்ளிக்கிழமைதான் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம். மாக்ஸினின் வீடு ஒரு சந்தின் கிழக்குப் பக்கம். தொகுதி எல்லை சந்தின் நடுவில் போகிறது. அவருடைய குப்பைத்தொட்டிகூடப் பக்கத்துத் தொகுதியைச் சேர்ந்தது. வேட்பாளராக நிற்கலாம், ஆனால் இங்கே ஓட்டுப் போடவோ, தன் மனுவில் தானே கையெழுத்திடவோ முடியாது. அதே வீட்டில் இருக்கும் கெர்ரிக்கும் அப்படித்தான்.

கதவு திறந்தது. சிங்கி இறால் உள்ளே வந்தது.

ஆறடி உயரம், தலையிலிருந்து முழங்கால்வரை சிவப்புத் துணி, உள்ளே பஞ்சு. இரண்டு பெரிய கொடுக்குகளையும் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தது. வாலை ஒரு கையில் சுருட்டிப் பிடித்திருந்தது. உள்ளே இருந்தவன் டோபி மார்ச்பேங்க், லண்டன்காரன். நாட்டில் எங்கே இடைத்தேர்தல் வந்தாலும் ஏதாவது ஒரு வேஷத்தில் நிற்பவன்.

"உள்ளூர்ப் பத்திரிகை போட்டோ எடுக்க வரச்சொன்னாங்க. என் பேரு எல்லாம் சரியா இருக்கான்னு..." என்று ஆரம்பித்தவன் முகங்களைப் பார்த்து நிறுத்தினான்.

"வால்ட்டர் ஸ்கேஃப்கிட்ட என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினீங்க?" என்றார் மாக்ஸின்.

"யாரு? ஓ, வறுத்தமீன் கடை வாசல்ல ஒரு பெரியவரு. ஒண்ணும் சொல்லலைங்க. அட்டைய நீட்டினேன், போட்டாரு. மேல கொட்டை எழுத்துல வேட்புமனுன்னு இருக்கு. போட்டுட்டு ஒரு பவுண்டு காசை வேற என் கொடுக்குல வச்சாரு. வேணாம்னேன். 'படகுக்குத்தானேப்பா, வச்சுக்க'ன்னுட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியலை."

கெர்ரி நெற்றியில் கைவைத்தாள். மாக்ஸினுக்குப் புரிந்துவிட்டது. ஸ்கெல்டர்பியில் மிருக வேஷம் போட்டவன் கையில் அட்டை இருந்தால் அது உயிர்காப்புப் படகுக்கு நன்கொடை. வங்கி மேலாளர் வாத்தாக வருவார், தீயணைப்புக்காரர்கள் கோழிகளாக வருவார்கள். பார்த்தால் பேர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், காசு போடவேண்டும். என்ன ஏது என்று கேட்பது மரியாதையில்லை. வால்ட்டர் நாற்பது வருடம் அந்தப் படகில் போனவர். இறாலைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்திருக்கமாட்டார்.

"உங்களுக்கு என்னால இடைஞ்சலா?" என்றான் டோபி. பிரையோனி விளக்கினாள். கேட்டு முடித்ததும் அவன் வாலைக் கீழே போட்டான்.

"நான் விலகிக்கறேன். இப்பவே. விலகினா அவரு கையெழுத்து உங்களுக்குச் செல்லும்தானே?"

பிரையோனி புத்தகத்தைப் புரட்டினாள். "செல்லும். மாக்ஸின் மனுவை ஒப்படைக்கறதுக்கு முன்னாடி இவர் விலகிட்டாருன்னா, தடையில்ல. பழைய படிவமே போதும். முகவரே கொண்டாந்து குடுக்கலாம்."

"அப்பாடா" என்றாள் கெர்ரி. "பேனா குடுங்க, இறாலுக்கு."

"வேணாம்" என்றார் மாக்ஸின்.

"அம்மா!"

"நாளைக்குப் பேப்பர்ல என்ன வரும்னு யோசிச்சியா? 'இறால் இடம் விட்டது, பஸ்காரி உட்கார்ந்தார்'னு வரும். அடுத்த மூணு வாரம் நான் வாயத் தொறந்தாலே அதத்தான் கேப்பாங்க. 57-ஐப் பத்தி எவன் கேப்பான்? இந்தப் பதவியே ஏன் காலியாச்சு? உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு பேசி வச்சதாலதானே? அதே நாற்காலிக்கு நான் போறதுக்கு ஒருத்தரை எந்திரிக்கச் சொல்லணுமா?" டோபியிடம் திரும்பினார். "நீங்க உங்க பத்தையும் வாங்கிட்டீங்க. வால்ட்டர் கண்ணாடி போடாதது உங்க தப்பில்ல. நான் என் பத்தைப் போய் வாங்கிக்கறேன்."

"எப்படிம்மா? நம்மகிட்டக் கார்கூட இல்ல."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஒண்ணு பத்துக்கு 57 கிளம்புது. ஆறு ஊரையும் சுத்திட்டு மூணு முப்பத்தஞ்சுக்கு இங்க வரும். நான் ஓட்டினா முப்பத்திரண்டுக்கே வந்துடும்."

"நான் மூணே முக்கால்வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றான் டோபி. "விலகற படிவத்தை நிரப்பி வச்சுக்கறேன். நீங்க வரலைன்னா..."

"வருவேன்."

பழைய படிவத்தைக் கெர்ரியிடம் விட்டுவிட்டு, புதியதையும் அச்சிட்ட வாக்காளர் பட்டியலையும் பையில் வைத்துக்கொண்டார். நகர மன்றப் படியில் நின்றபடியே ஒன்பது பேருக்கும் போன் போட்டார். எல்லா எண்களும் இருந்தன. பேருந்து தாமதமானால் அவர்தானே சொல்வார்.

"கண்ணாடிய எடுத்துட்டு ஸ்டாப்புக்கு வந்துடுங்க, கண்ணு. வண்டி ஒரு நிமிஷம்தான் நிக்கும்."

"போன வாரம்தானே போட்டேன்? தொலைச்சிட்டியா?"

"இல்ல, ஒரு இறால் தின்னுடுச்சு. நேர்ல சொல்றேன்."

அன்று 57-ஐ ஓட்டியவர் நெவில் பிக்கரிங். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. நேரத்தையும் விதியையும் சாப்பாட்டுப் பெட்டியைப்போல் கூடவே கொண்டுவருகிற மனிதர். மாக்ஸின் பையைப் பார்த்ததும், தலைக்குமேல் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கட்டைவிரலால் காட்டினார்: பேருந்துக்குள் பிரசாரம், வசூல், விற்பனை கூடாது.

"அந்தக் காகிதம் என் வண்டிக்குள்ள பையிலேர்ந்து வெளிய வரக்கூடாது, மாக்ஸின்."

"வராது. ஸ்டாப்புல இறங்கி வாங்கிட்டு ஏறிக்கறேன்."

"ஸ்டாப்புக்கு ஒரு நிமிஷம்."

"நீ முப்பது செகண்ட்லயே கதவைச் சாத்தற ஆளாச்சே. ஒரு நிமிஷம் தர்றியா? ஆள் மாறிட்டியே!"

"உக்காரு, உக்காரு. மஞ்சக் கோட்டைத் தாண்டி நிக்காத" என்றார் நெவில். அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது.

வாக்ஸ்பியில் மூன்று பேர் நிழற்குடையில் காத்திருந்தார்கள். கடல்காற்று படிவத்தைப் பிடுங்கப் பார்த்தது. ஒருவர் முதுகை மற்றவர் மேசையாக்கிக் கையெழுத்திட்டார்கள். மூன்றாமவரின் நாய் மாக்ஸினின் காலணிமேல் உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்தைந்து விநாடி. அடுத்த ஊரில் கணவனும் மனைவியும். போட்டுவிட்டு, "ஜெயிச்சா வண்டிய யாரு ஓட்டுவா?" என்று கவலைப்பட்டார் கணவர். மூன்றாவது ஊரில் பன்றிப்பண்ணைக்காரி, ரப்பர் பூட்ஸோடு சைக்கிளில் வந்து, பேனாவை வாங்கும்முன் கையைப் பாவாடையில் துடைத்தாள். ஆறு.

பேருந்துக்குள் கூட்டம் இல்லை. கடலோர முகாமில் தங்க வந்த வெளியூர்த் தம்பதி, காதில் பாட்டோடு ஒரு பள்ளிப் பெண், முன் இருக்கையில் மிசஸ் பிம். பிம் அம்மாள் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் பேருந்து ஏறுவார். ஃபெர்ன்பிக்காக இருபது வருடமாக வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டவர்.

"ஒரு நல்ல மனுஷனை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க எல்லாரும் சேந்து" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

"ஒன்பதாயிரம் பேர் அனுப்பினாங்க, மிசஸ் பிம்."

"ஒன்பதாயிரம் பேருக்கும் வெக்கமில்ல. மனு வச்சிருந்த மண்டபத்துக்குள்ள போனாலே ஊருக்கே தெரியுது எதுக்குப் போறாங்கன்னு. அப்படியும் போனாங்க."

"அதான் நானும் சொல்றேன். ஊருக்கே தெரியும்னு தெரிஞ்சும் போனாங்க."

பிம் அம்மாள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார்.

நான்காவது ஊரான ஹோல்ம்விக்கில் வண்டி திரும்பும். ஓட்டுநருக்குப் பன்னிரண்டு நிமிடம் ஓய்வு. அங்கே ஏழாவது கையெழுத்து, ஓய்வுபெற்ற தபால்காரருடையது, உடனே கிடைத்தது. நெவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பிளாஸ்கோடு கீழே இறங்கி, சுவரில் சாய்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டார்.

"எத்தனை ஆச்சு?"

"ஏழு. அடுத்த ஊர்ல ஒண்ணு, ஸ்லீத்தம்ல பெக் லஸ்பி. ஒன்பது. வால்ட்டருக்குப் பதில் இன்னும் ஆள் பிடிக்கணும். உள்ள இருக்கறதுல ரெண்டு பேரு வெளியூரு, ஒண்ணு ஸ்கூல் புள்ள. மிசஸ் பிம்மைப் பத்திச் சொல்லவே வேணாம்."

நெவில் தேநீரை ஊதினார். "நான் இந்த ஊர்க்காரன்தான், தெரியும்ல? அந்தப் பச்சைக் கதவு."

"தெரியும். உன்கிட்ட எப்படிக் கேக்கறது? பேரு நகர மன்றச் சுவர்ல ஒட்டுவாங்க. டிப்போ மேனேஜரு வாசிப்பாரு."

"வாசிக்கட்டும். அவருக்கு வாசிக்கத் தெரியுமான்னு நானும் ஒரு தடவை பாக்கணும்." கையை நீட்டினார். "இப்ப நான் ஓட்டுநர் இல்ல. இன்னும் நாலு நிமிஷத்துக்கு. கொண்டா. மண்டபத்துல அன்னைக்கு நெடுஞ்சாலைன்னு சொன்னான்ல, பத்தொன்பது வருஷம் நாம மாறி மாறி ஓட்டினதை? அதுக்கு."

அவர் எழுத்து சிறியது, நேர அட்டவணை மாதிரி. எட்டு. ஐந்தாவது ஊரில் தேவாலய மணியடிப்பவரிடம் ஒன்பது.

மாக்ஸின் இருக்கையில் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஸ்லீத்தம் மூன்று பத்துக்கு. பெக் போனில், "நிப்பேன், நிப்பேன், கத்தாத" என்று சொல்லியிருந்தார்.

ஸ்லீத்தம் நிறுத்தத்தில் யாருமில்லை.

நெவில் கதவைத் திறந்து வைத்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் போனது. அதை மாக்ஸின் கவனித்தார். நெவில் கவனிக்காததுபோல் கண்ணாடியைத் துடைத்தார்.

மாக்ஸின் முன் இருக்கைக்குப் போனார். "மிசஸ் பிம். உங்க ஓட்டைக் கேக்கலை. என் பேரு ஓட்டுச் சீட்டுல வரட்டும்னு மட்டும் ஒரு கையெழுத்து. கீழ இறங்கிப் போடலாம்."

"மாட்டேன். என் வீட்டுக்காரர் செத்தப்ப ஜூலியன் வந்தான். மொத வரிசையில நின்னான். நீ வந்தியா?"

"வந்தேன். வாசல்ல வண்டியோட நின்னேன். உங்க சொந்தக்காரங்க பாதிப் பேரை நான்தானே கூட்டிட்டு வந்தேன்?"

பிம் அம்மாள் முதல்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "மாட்டேன்னா மாட்டேன்தான்."

"சரி" என்றார் மாக்ஸின். மேற்கொண்டு கேட்கவில்லை. "நெவில், நீ கிளம்பு."

"நீ இறங்கினா அடுத்த வண்டி செவ்வாய்க்கிழமை."

"அத என்கிட்டயே சொல்றியா?"

இறங்கினார். பேருந்து தூசி கிளப்பிக்கொண்டு போனது. இத்தனை வருடத்தில் 57-இன் பின்பக்கத்தை அவர் இப்படி நின்று பார்த்ததே இல்லை.

பெக்கின் வீடு பூட்டியிருந்தது. கொல்லைப்புறம் கூப்பிட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டிலும் பதில் இல்லை. எங்கே போயிருப்பார்? ஸ்டாப்புக்கு வருவேன் என்றால் வருகிற மனுஷி. ஸ்டாப்புக்கு... மாக்ஸின் சட்டென்று நின்றார். அப்புறம் தேவாலய மூலையை நோக்கி ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், சீருடைக் காலணியில், அது ஓட்டம்தான்.

அக்டோபருக்கு முன் 57 தேவாலய மூலையில் நிற்கும். நேரம் மிச்சம் என்று அந்த வளைவை வெட்டிவிட்டார்கள். கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள். பெஞ்சு மட்டும் மிச்சம். அதில் எண்பத்துமூன்று வயது பெக் லஸ்பி, கழுத்துத்துணி கட்டி, கண்ணாடியை மாட்டி, கைப்பையை மடியில் வைத்து, நேராக உட்கார்ந்திருந்தார்.

"லேட்டு" என்றார்.

"பெக்! ஸ்டாப் இப்ப இங்க இல்லையே! கீழ ரோட்டுல!"

"எனக்குத் தெரியும் அங்க மாத்திட்டாங்கன்னு. ஆறு மாசமாச்சு. இந்த மேட்டுல இறங்கி ஏற என் இடுப்பால முடியாது. நீ போன்ல ஸ்டாப்புன்னே. எனக்கு ஸ்டாப் இதுதான். நீ வருவேன்னு தெரியும், அதான் உக்காந்திருந்தேன்."

மாக்ஸின் மூச்சுவாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். படிவத்தைப் பட்டியல்மேல் வைத்துக் கொடுத்தார். பெக் அவசரப்படவில்லை. முதலில் மேலிருந்து கீழ்வரை படித்தார். "நெவிலா? அட!" என்றார். பிறகு போட்டார். பத்து. மணி மூன்று இருபத்தொன்று.

"கார் இருக்கறவங்க யாராவது?"

"எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க, பொண்ணே. இங்க பகல்ல நானும் கோழிகளும்தான்."

நகரம் ஏழு மைல். மாக்ஸின் கெர்ரியைக் கூப்பிட்டார்.

"பத்தும் கைல இருக்கு. நான் ஸ்லீத்தம்ல இருக்கேன். வண்டி போயிடுச்சு. டாக்ஸி?"

"சந்தை நாள்மா. முக்கால் மணி நேரம் ஆகும். அம்மா, இறால்கிட்டக் காரு இருக்கு. ஆனா கேளு. அவன் உன்னக் கூப்பிட வந்துட்டா, இங்க விலகிக் கையெழுத்துப் போட ஆளில்ல. வழியில ஏதாவது ஆனா புதுசும் போச்சு, பழசும் போச்சு. இப்பவே அவன் விலகிட்டான்னா நான் பழைய படிவத்தை இந்த நிமிஷமே குடுத்துடுவேன். உன் பேரு உள்ள வந்துடும். நீ மெதுவா வரலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

மாக்ஸின் மடியிலிருந்த தாளைப் பார்த்தார். பாவாடையில் துடைத்த கையின் மண் ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. பெக் பக்கத்தில் எதுவும் கேட்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரச்சொல்லு. மேல் ரோட்டுல வேணாம், அங்க பள்ளம் தோண்டியிருக்கான். கடலோரமா வந்து தேவாலயத்துகிட்ட திரும்பச் சொல்லு."

மூன்று முப்பத்தேழுக்கு ஒரு குட்டி நீலக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு வால் தொங்கியது.

"கழட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார் மாக்ஸின், ஏறிக்கொண்டே.

"ஜிப் மாட்டிக்கிச்சு. உங்க பொண்ணு கத்தரிக்கோலோட நின்னாங்க, நான்தான் ஓடி வந்துட்டேன்."

"படகுக்கு நான் ஒண்ணும் தரமாட்டேன், சொல்லிட்டேன்" என்று பெக் பெஞ்சிலிருந்து கத்தினார்.

கடலோரச் சாலை ஒரு வண்டி அகலம். இரண்டாவது மைலில் ஒரு டிராக்டர் முன்னால் வந்து சேர்ந்தது, வைக்கோல் சுமையோடு, மாடுபோல. டோபி ஹாரனில் கைவைத்தான்.

"அடிக்காதீங்க. அடிச்சா இன்னும் மெதுவாப் போவான், எனக்கு அவனைத் தெரியும். ரெண்டாவது வேலிக்கதவுகிட்ட இடப்பக்கம் ஒதுங்குவான். இப்ப கியரைக் குறைங்க. இன்னும் கொஞ்சம். இப்ப!"

தாண்டினார்கள். டிராக்டர்க்காரர் இறாலைப் பார்த்துக் கையசைத்து, பிறகு பக்கத்தில் மாக்ஸினைப் பார்த்துக் கையை அப்படியே வைத்திருந்தார். மற்ற மைல்களிலும் மாக்ஸின்தான் ஓட்டினார், டோபியின் கையையும் காலையும் வைத்து. எந்தத் திருப்பத்தில் நாற்பது, எங்கே இருபது, எந்தச் சிக்னல் எத்தனை விநாடி என்று. நகர மன்றத்து வாசலில் மூன்று ஐம்பத்து மூன்று. காரை எங்கே விடுவது என்று டோபி கேட்பதற்குள் அவர் படியில் இருந்தார்.

பிரையோனி பத்து எண்களையும் ஒவ்வொன்றாகப் பட்டியலில் விரல்வைத்துத் தேடினாள். கெர்ரி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். ஏழு, எட்டு. "பிக்கரிங், நெவில்... இருக்கு." ஒன்பது. "லஸ்பி, மார்கரெட்..." பெக்கின் முழுப்பெயர் அது. "இருக்கு." முத்திரையை எடுத்தாள். மூன்று ஐம்பத்தெட்டு.

"உங்க மனு முறைப்படி பெறப்பட்டது, மிசஸ் ஆப்பிள்யார்ட். இப்ப நீங்க வேட்பாளர்."

கதவருகே மூச்சுவாங்கி நின்ற டோபி, நிரப்பி வைத்திருந்த விலகல் படிவத்தை நான்காகக் கிழித்தான். "உங்ககிட்டத் தோக்கறதுல எனக்குப் பெருமை" என்றான்.

"நீங்க தோக்கணும்னா நான் மொதல்ல ஓட்டு வாங்கணும்" என்றார் மாக்ஸின்.

"அம்மா, ஒரு டீ குடிச்சிட்டு உக்காரு. மூணு வாரம் இருக்கு."

மாக்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வாசலில் தொப்பியும் கையுறையுமாக மிசஸ் பிம், மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். எப்படியும் கால் மணி நேரம் நகர முடியாது.

மாக்ஸின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்கம்மா போற?"

"ஓட்டுக் கேக்க."

தெருவைக் கடந்து போய், வரிசையின் பக்கத்தில் நின்றார்.

"மிசஸ் பிம், கையெழுத்துக் கிடைச்சிடுச்சு. இப்ப நிஜமாவே நிக்கிறேன். இந்தத் தடவை ஓட்டுதான் கேக்கறேன்."

"நான்தான் மாட்டேன்னு சொன்னேனே."

"கையெழுத்துக்குச் சொன்னீங்க. இதுக்கு இன்னும் சொல்லலை."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிம் அம்மாள் முன்னால் ஓர் அடி நகர்ந்தார். மாக்ஸினும் கூடவே நகர்ந்தார்.

"சரி, சொல்லு" என்றார் பிம் அம்மாள். "புதன்கிழமையும் வண்டி விடுவியா?"